சித்தாள் பெட்டியும் ராத்திரி ஒன்பதரை மணியும்

மூணு நாளா ராத்திரி ஒன்பதரை ஆனா போதும், மூச்சு நின்னுடுது.

யாருக்குன்னு கேக்கறீங்களா? என் சித்தாளுக்கு.

(பதறாதீங்க, மனுஷன் இல்ல. துணி துவைக்கிற ரூம்ல, வாஷிங் மெஷினுக்கு மேல இருக்கிற பலகையில உக்காந்திருக்கிற ஒரு குட்டி கம்ப்யூட்டர்.)

இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல. மதுரையில இருக்கிற என் சித்தி பையன். "அண்ணே, உன் சித்தாள் மறுபடி மட்டை. நான் அனுப்பின வேலை அரை மணி நேரமா வரிசையில நிக்குது"ன்னு வாட்ஸப்ல வந்து நின்னான். அவனுக்கு ஆபீஸ் முடிஞ்சு, காபி குடிச்சு, நம்ம சொந்த வேலையைப் பாக்கலாம்னு உக்கார்ற நேரம் சாயங்காலம் ஆறு. சிட்னி பக்கத்துல ஹெலன்ஸ்பர்க்ல எனக்கு அப்ப ராத்திரி பத்தரை. நான் போர்வைக்குள்ள இருப்பேன். ஜூலை மாசக் குளிர், கடல் காத்து வேற. எந்திரிச்சுப் போய்ப் பாக்கவா முடியும்?

காலையில போய்ப் பாத்தா பெட்டி சமத்தா ஓடிட்டிருக்கும். பச்சை லைட்டு. வரிசையில நின்ன வேலை அத்தனையும் முடிச்சு வெச்சிருக்கும். ஒண்ணுமே நடக்காத மாதிரி.

எனக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, முதல்லேருந்து சொல்றேன்.

நானும் தம்பியும் சேர்ந்து ஒரு சின்ன பஞ்சாங்க ஆப் எழுதிட்டிருக்கோம். காசுக்கு இல்ல, வீட்டுக்கு. காரணம், எங்க வீட்டுச் சுவத்துல தொங்குற தினசரி காலண்டர். அது சென்னையில அச்சடிச்சது. திங்கக்கிழமை ராகுகாலம் ஏழரை டு ஒன்பதுன்னு போட்டிருக்கும். அந்தக் கணக்கு காலையில ஆறுக்கு சூரியன் வந்து சாயங்காலம் ஆறுக்குப் போறதா வெச்சுக்கிட்டுப் போட்டது. பகலை எட்டா வகுக்கணும், ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பங்கு. திங்கக்கிழமைக்கு ரெண்டாவது பங்கு. அவ்ளோதான் சூத்திரம்.

ஆனா ஹெலன்ஸ்பர்க்ல ஜூன் மாசம் சூரியன் வர்றதே ஏழு மணிக்கு. அஞ்சு மணி அடிக்கிறதுக்குள்ள மூட்டையைக் கட்டிடும். ஒரு பங்கு ஒண்ணேகால் மணி நேரம்தான் தேறும். அப்ப திங்கக்கிழமை ராகுகாலம் எட்டேகாலுக்கு ஆரம்பிச்சு ஒன்பதரை வரைக்கும். டிசம்பர்ல பங்கு கிட்டத்தட்ட ஒண்ணேமுக்கால் மணி நேரம். சென்னைக் காலண்டரை நம்பி இங்க நல்ல நேரம் பாக்கறது, சென்னை பஸ் டைம்டேபிளை வெச்சுக்கிட்டு இங்க ரயில் பிடிக்கிற கதை.

(ராகுகாலத்தை நம்பறியான்னு கேக்காதீங்க. அம்மா நம்பறாங்க. எனக்கு அது போதும். மத்தபடி எனக்குக் கணக்கு பிடிக்கும்.)

ஊரைத் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சிட்னிக்குத் தெற்க, ரயில்ல ஒரு மணி நேரம். 1880கள்ல நிலக்கரிச் சுரங்கத்துக்காக முளைச்ச ஊர். நம்மாளுங்களுக்கு இந்தப் பேரு தெரியறதே 1985-ல கும்பாபிஷேகம் நடந்த வெங்கடேஸ்வரர் கோவிலால. சனி ஞாயிறு சிட்னியிலேருந்து கார் கார்-ஆ வருவாங்க. பெருமாளுக்குப் பாதி, கேன்டீன் தோசைக்குப் பாதி. நானும் அப்படி தோசைக்கு வந்தவன்தான், அப்புறம் வீடே பாத்துட்டேன்.

இப்ப பெட்டிக் கதை.

ரெண்டு பேர் ஒரே கோடுல கை வெச்சா என்ன நடக்கும்? சண்டை நடக்கும். "என் மெஷின்ல ஓடுதே"ன்னு நான். "என் மெஷின்லயும் ஓடுதே, அப்புறம் ஏன் அம்மா போன்ல ஓடலை?"ன்னு அவன். இதுக்கு நடுவர் வேணும். ரெண்டு பேருக்கும் சொந்தம் இல்லாத மூணாவது மெஷின். நாங்க கோடு எழுதி அனுப்பின உடனே அதை எடுத்து, சுத்தமான இடத்துல வெச்சு, முதல்லேருந்து கட்டி, எல்லா சோதனையும் ஓட்டி, பச்சை இல்ல சிவப்புன்னு தீர்ப்பு சொல்லணும்.

இந்த வம்பு எங்களுக்கு மட்டும் இல்ல. 2004 வாக்குல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல கோசுகே கவாகுச்சின்னு ஒருத்தர். தான் போட்ட கோடால பில்ட் உடைஞ்சு, கூட வேலை பாக்கறவங்ககிட்ட திட்டு வாங்கி வாங்கி அலுத்துப் போய், 'நான் போடறதுக்கு முன்னாடியே நீ ஓட்டிப் பாத்து சொல்லிடு'ன்னு ஒரு புரோகிராம் எழுதினார். பேரு ஹட்சன். 2011-ல அது ஜென்கின்ஸ்னு பேரு மாறிச்சு. திட்டு வாங்காம இருக்கறதுக்காகப் பிறந்த சாஃப்ட்வேர்! இதைவிட நியாயமான காரணம் இருக்க முடியுமா?

நான் எடுத்துக்கிட்டது பில்ட்கைட். மெல்பர்ன்காரங்க 2013-ல ஆரம்பிச்சது. (உள்ளூர்ப் பாசம். மெல்பர்ன் உள்ளூரான்னு சிட்னிக்காரங்க சண்டைக்கு வராதீங்க.) இதுல வேலையைப் பிரிச்சுக் கொடுக்கிற மேஸ்திரி அவங்க சர்வர்ல இருப்பார். செங்கல் தூக்குற ஆள் நம்ம வீட்டுல, நம்ம மெஷின்ல.

அந்த ஆளுக்கு என்ன பேரு வைக்கறதுன்னு ஒரு பஞ்சாயத்து. இந்தத் துறையில ரொம்ப நாளா எஜமான்–அடிமைன்னு அர்த்தம் வர்ற வார்த்தைகளைத்தான் வெச்சிருந்தாங்க. 2016-லதான் ஜென்கின்ஸ் அதை 'ஏஜென்ட்'னு மாத்திச்சு. பில்ட்பாட்னு இன்னொரு மென்பொருள் அதே வருஷம் 'வொர்க்கர்'னு மாத்திச்சு. நல்ல காரியம். ஆனா தமிழ்ல இதுக்கு அழகா ஒரு வார்த்தை ஏற்கெனவே இருக்கே? கட்டட வேலை நடக்கற இடத்துல போய் நில்லுங்க. மேஸ்திரி. கொத்தனார். சித்தாள்.

சித்தாள்! மண்ணு குழைக்கிறது, கல்லு எடுத்துக் கொடுக்கிறது, சாரத்துல ஏறி இறங்கறது, எல்லாம் அவங்கதான். பில்டுன்னா கட்டறதுதானே? பேரை அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

(இன்னொண்ணு. மேஸ்திரிங்கறது நம்ம வார்த்தையே இல்ல. போர்த்துக்கீசியர் விட்டுட்டுப் போனது. அவங்க ஊர்ல 'மெஸ்த்ரே'. அதுக்கும் இங்கிலீஷ் 'மாஸ்டர்'க்கும் ஒரே லத்தீன் பாட்டி. கம்ப்யூட்டர்காரங்க தூக்கிப் போட்ட மாஸ்டரை நாங்க பின்வாசல் வழியா உள்ள விட்டுட்டோம். தம்பி இதைச் சொல்லிச் சொல்லி சிரிக்கிறான்.)

பெட்டி வாங்கினது செகண்ட் ஹேண்ட்ல. ஆபீஸ்கள்ல மூணு நாலு வருஷம் ஓட்டிட்டுக் கழிச்சுக் கட்டுவாங்களே, அந்தக் குட்டி கம்ப்யூட்டர். தடிமனான நோட்டுப் புத்தகம் சைஸ். மெமரி மட்டும் பதினாறு ஜிபி ஆக்கினேன். சும்மா இருக்கும்போது பத்து வாட்தான் இழுக்குது. வருஷம் முழுக்க ஓடினா எண்பத்தெட்டு யூனிட். எங்க பில்லுல யூனிட் முப்பத்தஞ்சு சென்ட், அப்ப முப்பது டாலர் சொச்சம்.

இதை அம்மாகிட்ட பெருமையா சொன்னேன்.

"முப்பது டாலரா? ஆயிரத்து அறுநூறு ரூபாய்டா!"

(அம்மா திருச்சியிலேருந்து மே மாசம் வந்தாங்க. இந்தப் பேச்சை ஞாபகம் வெச்சுக்கோங்க. நான் வெச்சுக்கலை. அதான் பிரச்சனை.)

உபுண்டு போட்டேன். ஏஜென்ட்டை இறக்கினேன். டோக்கனை ஒட்டினேன். டெர்மினல்ல ஓட விட்டேன். பத்தே நிமிஷம், மேஸ்திரியோட வெப் பக்கத்துல 'சித்தாள் வந்தாச்சு'ன்னு காட்டிச்சு. அட, இவ்ளோதானான்னு லேப்டாப்பை மூடினேன். சித்தாளும் போயிட்டான். என் டெர்மினலோட சேர்ந்து அவனும் மூடிக்கிட்டான்.

முதல் பாடம்: தானா எந்திரிக்கத் தெரியணும். சர்வீஸா போடணும்.

ரெண்டாவது பாடம் கொஞ்சம் வலிச்சுது. சோம்பேறித்தனத்துல என்னோட யூசர் கணக்குலயே அதை ஓட விட்டிருந்தேன். தம்பியோட சோதனை ஒண்ணு, முடிஞ்சதும் தற்காலிக ஃபோல்டரை அழிக்கும். அந்த ஃபோல்டர் பேரு ஒரு மாறியில வரும். மாறி காலியா இருந்துச்சு. அதனால அது இருந்த இடத்தையே அழிச்சிடுச்சு. என் சாவி, என் செட்டிங்ஸ், எல்லாம் போச்சு. வீட்டுக்கு வர்ற சித்தாளுக்கு பீரோ சாவியையா கொடுப்பாங்க? அன்னைக்கே தனி யூசர், தனி இடம், எந்த அதிகாரமும் கிடையாது.

ஒரு விஷயம் மட்டும் ரொம்பப் பிடிச்சுது. என் வீட்டு இணைய இணைப்புல வெளியிலேருந்து உள்ள வர வழி கிடையாது. ஆனா தேவையும் இல்ல. மேஸ்திரி இவனைத் தேடி வர்றதில்ல. இவன்தான் சில நொடிக்கு ஒரு தரம் போய் "வேலை இருக்கா? வேலை இருக்கா?"ன்னு கேட்டுட்டு வர்றான். நம்ம ஊர்ல விடிகாலையில முக்குல தூக்குச்சட்டியோட நிப்பாங்களே, அதே மாதிரி. அதை நினைச்சப்ப மட்டும் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு.

இனிமேதான் கதையே.

எங்க ரெண்டு பேர் லேப்டாப்லயும் நூத்துக்கு நூறு பச்சை. சித்தாள்கிட்ட போனா ரெண்டு சிவப்பு.

முதல் சிவப்பு: கோவில் ஊர் பட்டியல். அகரவரிசையில பவானிக்கு அப்புறம்தான் பழனி வரணும். வ, அப்புறம் ழ, அப்புறம் ள. சித்தாள் பழனியை முன்னாடி போட்டுட்டான். ஏன்னா யூனிகோடுல எழுத்துங்களுக்கு நம்பர் கொடுத்தப்ப ழ-வுக்கு அப்புறம்தான் வ. ற-வைக் கொண்டுபோய் ர-வுக்குப் பக்கத்துல, ன-வை ந-வுக்குப் பக்கத்துல உக்கார வெச்சிருக்காங்க. நம்பர் வரிசையில அடுக்கினா நம்ம ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் பிரம்பைத் தூக்கிடுவாங்க. சரியான வரிசை தெரியணும்னா மெஷின்ல தமிழ் லோகேல் (மொழி செட்டிங்) போட்டிருக்கணும். எங்க லேப்டாப் ரெண்டுலயும் எப்பவோ போட்டிருக்கோம், போட்டதே மறந்து போச்சு. புதுப் பெட்டியில இல்ல. லோகேல் இல்லேன்னா சத்தமில்லாம நம்பர் வரிசைக்குப் போயிடுன்னு கோடு எழுதி வெச்ச புண்ணியவான் யாருன்னு தேடினேன்.

நான்தான்.

ரெண்டாவது சிவப்பு அதுக்கும் மேல. ஹெலன்ஸ்பர்க், ஜூன் மாசம், ஒரு திங்கக்கிழமை. ராகுகாலம் காலையில வரணும். சித்தாள் சாயங்காலம்னு சொல்றான். அதாவது ஞாயித்துக்கிழமை ராகுகாலம்.

"உன் பெட்டிக்குக் கிழமையே தெரியலை"ன்னு தம்பி.

ரெண்டு ராத்திரி உக்காந்தோம். அப்புறம் பேப்பர்ல எழுதினேன்.

சூரியன் வர்றது இங்க திங்கக்கிழமை காலை ஏழு மணி.
என் லேப்டாப் சிட்னி நேரத்துல ஓடுது. அதுக்குத் திங்கள், ஏழு மணி. சரி.
தம்பி லேப்டாப் இந்திய நேரம். அதுக்குத் திங்கள், விடியக்காலை ரெண்டரை. கிழமை சரி.
புதுப் பெட்டி கிரீன்விச் நேரம். (உபுண்டு சர்வர் அப்படித்தான் வரும்.) அதுக்கு ஞாயிறு, ராத்திரி ஒன்பது.

எங்க கோடு 'சூரியன் வந்த நேரத்துல என்ன கிழமை'ன்னு கேக்குது. எந்த ஊர் கடிகாரத்துலன்னு சொல்லவே இல்ல. ஓடற மெஷினோட கடிகாரத்தை எடுத்துக்கிட்டு இத்தனை நாள் சரியா வந்தது வெறும் அதிர்ஷ்டம்!

அதுவும் எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம் தெரியுமா? டிசம்பர் முதல் வாரம் இங்க சூரியன் ரொம்ப சீக்கிரம் வரும், 5:37 வாக்குல. கோடைக்காலத்துல கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வெக்கறதால இந்தியாவுக்கும் இந்த ஊருக்கும் அஞ்சரை மணி வித்தியாசம். அப்ப மதுரையில நேரம் ராத்திரி பன்னெண்டு தாண்டி ஏழே நிமிஷம். இன்னும் எட்டு நிமிஷம் முன்னாடி சூரியன் எட்டிப் பாத்திருந்தா தம்பி லேப்டாப்லயும் கிழமை மாறியிருக்கும். ஏழு நிமிஷ இடைவெளியில தப்பிச்ச கோடை வெச்சுக்கிட்டு 'என் மெஷின்ல ஓடுதே'ன்னு நாங்க சண்டை போட்டிருக்கோம்.

திருத்தம் ஒரே வரி: ஒவ்வொரு ஊரோடயும் அந்த ஊர் நேரத்தைச் சேத்து எழுதி வெக்கறது. பெட்டியோட கடிகாரத்தை சிட்னிக்கு மாத்தி விட்டிருந்தா ஒரு நொடியில பச்சை ஆகியிருக்கும். தம்பி அதைத்தான் சொன்னான். நான் மாட்டேன்னுட்டேன். சித்தாளுக்கு எதுவும் தெரியாம இருக்கறதுதான் அவனோட தகுதியே. நம்மளை மாதிரியே இன்னொரு மெஷின் வெச்சுக்கிட்டா நம்ம தப்பையே அதுவும் தலையாட்டி ஒத்துக்கும்.

கான்பெர்ராவுல ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்னு ஒருத்தர், சாம்பா மென்பொருளை எழுதினவர். அவங்க ஒரு பில்ட் பண்ணை வெச்சிருந்தாங்க. தன்னார்வலர்கள் ஆளுக்கொரு மெஷின் கொடுப்பாங்க. சோலாரிஸ், ஏஐஎக்ஸ், ஐரிக்ஸ்னு கேள்விப்படாத ஜாதி மெஷினெல்லாம் இருக்கும். அந்தக் காலத்துல இதைப் படிச்சப்ப, இத்தனை ஓட்டை மெஷின் எதுக்குன்னு நினைச்சேன். இப்ப புரியுது. வித்தியாசமான மெஷின் ஒவ்வொண்ணும், நாம சொல்ல மறந்த ஒண்ணைக் கேக்கும்.

அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்ட எல்லாத்தையும் ஒரு கோப்புல எழுதினேன். லோகேல் போடு. தனி யூசர் வை. பழைய குப்பையை வாராவாரம் அள்ளு, இல்லேன்னா டிஸ்க் ரொம்பிடும். கரண்ட் போய் வந்தா தானா எந்திரின்னு பயாஸ்ல வை. (மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் போகும், அதுக்காக.) மொத்தம் நாப்பத்தோரு வரி. நாளைக்கே பெட்டி செத்தாலும் வேற பெட்டியில இந்த ஸ்கிரிப்டை ஓட்டினா அரை மணியில புது சித்தாள் தயார். கர்வமா இருந்துச்சு.

அடுத்த வாரம்தான் அந்த ஒன்பதரை மணி ஆரம்பிச்சுது.

சந்தேகப்பட்டது வரிசையா: சூடாயிடுதோ? இல்ல, இந்தக் குளிர்ல பாலே உறையுது. இணையமா? இல்ல, என் போன்ல வீடியோ ஓடுது. பவர் அடாப்டர்? மாத்தியாச்சு. கூரை மேல குதிக்கிற பாசம் வயரைக் கடிச்சிருக்குமோ? (பாசம்னா இங்க இருக்கிற ஒரு பிராணி. அன்பு இல்ல.) லாகை நம்ம ஊர் நேரத்துக்கு மாத்திப் பாத்தா 9:31-க்கு ஒரு வரி, அடுத்த வரி காலை 5:20. நடுவுல 'அணைகிறேன்'னு ஒரு வார்த்தை கிடையாது. பட்டுன்னு உயிரைப் பிடுங்கின மாதிரி.

நாலாவது நாள் ராத்திரி துணி ரூம்லயே நின்னேன். லைட்டை அணைச்சுட்டு. வாஷிங் மெஷின் பக்கத்துல, திருடனைப் பிடிக்கிற மாதிரி.

ஒன்பதரைக்குக் கதவு திறந்துச்சு. அம்மா.

வரிசையா சுவிட்ச் எல்லாத்தையும் தட்டிட்டு வந்தாங்க. வாஷிங் மெஷின், டக். அயர்ன் பாக்ஸ், டக். பெட்டி, டக்.

"அம்மா!"

"ஐயோ! இருட்டுல என்னடா பண்ற?"

"நீ என்னம்மா பண்ற?"

"ராத்திரி ஓடவிட்டா கரண்ட் வீணாகாதா? காலையில காபி போட வரும்போது போட்டுடறேனே."

அதான் சங்கதி. காலையில அஞ்சு இருபதுக்கு சுவிட்சைப் போடுவாங்க. கரண்ட் வந்ததும் தானா எந்திரின்னு நானே சொல்லி வெச்சிருக்கேனே, அதனால பெட்டி எந்திரிச்சு, வேலை எல்லாம் முடிச்சுட்டு, நான் கண்ணைத் திறக்கறதுக்குள்ள யோக்கியமா உக்காந்திருக்கும். தடயத்தை அழிச்சுக் கொடுத்தது என்னோட புத்திசாலித்தனம்.

"இதுக்கு ராத்திரியில என்ன வேலை?"ன்னு கேட்டாங்க.

"மதுரையில இப்ப சாயங்காலம்மா. தம்பி இப்பதான் வேலை அனுப்புவான்."

அம்மா கொஞ்ச நேரம் பெட்டியைப் பாத்தாங்க. "இந்த ஊருல சுரங்கத்துக்காரங்களும் நைட் ஷிஃப்ட் போவாங்களாமே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா? நீ சொன்னாதானே தெரியும்."

நாப்பத்தோரு வரி எழுதியிருந்தேன் சார். யூசர், லோகேல், குப்பை, பயாஸ், எல்லாம். 'வீட்டுல இருக்கறவங்ககிட்ட சொல்லு'ங்கற வரி அதுல இல்ல. அந்த வீட்டுக்குப் புதுசா வந்தவங்க பெட்டி மட்டுமான்னு நான் யோசிக்கவே இல்ல.

நாப்பத்திரண்டாவது வரியைச் சேத்துட்டேன்.

அம்மா அதுக்கு முன்னாடியே முடிச்சுட்டாங்க. மறுநாள் காலையில போனா, சுவிட்சுக்கு மேல தினசரி காலண்டர்லேருந்து கிழிச்ச தாள் ஒட்டியிருக்கு. பின்பக்கத்துல பேனாவுல, 'அணைக்காதே'ன்னு. இந்த வீட்டுல ராத்திரி சுவிட்ச் அணைக்கிற ஆள் ஒருத்தங்கதான். யாருக்கும்மா இந்த நோட்டீஸ்னு கேட்டேன்.

"எனக்குத்தான். மறந்துடுவேன்ல?"